மேடை உடையில் பாத்திரம் காணாமல் போகும் இடங்கள்

முதல் தவறு தி.நகரில் நடக்கிறது. நாடகப் பிரதியை ஒருமுறை புரட்டிவிட்டு நேரே துணிக்கடைக்குப் போனால் கண்ணுக்குப் பிடித்த துணி கிடைக்கும், பாத்திரம் கிடைக்காது. 1930களின் தஞ்சை மாவட்டத்து ஆரம்பப்பள்ளி வாத்தியார் ஒருவரை மேடையேற்றுவதாக வைத்துக்கொள்வோம். அவரிடம் எத்தனை வேட்டி இருக்கும்? யார் துவைக்கிறார்கள்? கிழிந்தால் தைப்பதா, மடித்து மறைப்பதா? இரண்டே வேட்டிதான் என்று முடிவானால், ஐந்து காட்சிக்கு ஐந்து புது வேட்டி வாங்கும் செலவு மிச்சம். அதே வேட்டி காட்சிக்குக் காட்சி நைந்து வருவது அவர் குடும்பம் நொடிப்பதை வசனமில்லாமலே சொல்லிவிடும். காட்சிகளை மேலிருந்து கீழாகவும் பாத்திரங்களைக் குறுக்காகவும் எழுதி ஓர் அட்டவணை போட்ட பிறகே கடைப் படி ஏறுங்கள்.

பழையதாக்குவதிலும் பெரும்பாலோர் தவறுகிறார்கள். துணி முழுக்க ஒரே சீராக அழுக்கேற்றினால் அது சாயம் போட்ட புதுத்துணியாகத்தான் தெரியும். துணி தேய்வது காலர் மடிப்பில், முழங்கையில், பைவிளிம்பில், உட்காரும் இடத்தில். அங்கே மட்டும் உப்புத்தாளால் தேயுங்கள். வேட்டியென்றால் கீழ்க்கரையிலிருந்து நாலு விரல் உயரம் வரை மண்நிறம் ஏறட்டும். பளீர் வெள்ளை வேறு வம்பு: விளக்கு பட்டதும் கூசி, நடிகரின் முகத்தை அமுக்கிவிடும். 4 லிட்டர் தண்ணீரில் 50 கிராம் தேயிலையைக் கொதிக்கவிட்டு வடிகட்டி, நனைத்துப் பிழிந்த வேட்டியை 15 நிமிடம் ஊறவைத்தால் வெள்ளை சற்றே மங்கும். பருத்தியில்தான் இது பிடிக்கும், பாலியெஸ்டரில் பிடிக்காது. முதலில் ஒரு துண்டில் சோதித்துப் பாருங்கள்.

நிறத்தைக் கடையின் டியூப்லைட்டில் தேர்வு செய்யவே கூடாது. பச்சைப் புடவை சிவப்பு ஒளியில் கறுப்பாகிவிடும். அரக்குச் சிவப்பு நீல ஒளியில் இருண்டு போகும். ஓர் அடித் துண்டை எடுத்துப்போய், நாடகத்துக்குப் போடப்போகும் அதே விளக்கின் கீழ் பிடித்து, பதினைந்தாவது வரிசையிலிருந்து பாருங்கள். அரை அங்குலக் கரை அங்கே அவ்வளவாகக் கண்ணில் படாது.

காலப்பிழைகள் பெரும்பாலும் சின்னச் சாமான்களில்தான் ஒளிந்திருக்கும்: ஸ்டிக்கர் பொட்டு, நகப்பூச்சு, கைக்கடிகாரம் இருந்த இடத்து வெள்ளைத் தழும்பு. வீட்டுக் கூடத்தில் செருப்போடு நடமாடும் பாட்டியையும் பார்க்கலாம், கேட்டால் மேடை சுடுகிறதாம்! தெரிந்த மனிதர்களை மேடையேற்றும்போது தேதியும் முக்கியம். காந்தி மேலாடையை விட்டு அரை வேட்டிக்கு மாறியது 1921 செப்டம்பர் 22 அன்று, மதுரையில். 1919இல் நடக்கும் காட்சியில் அவரை வெற்றுடம்போடு நிறுத்தினால், விஷயம் தெரிந்தவர்கள் அதன்பின் வசனத்தைக் கவனிக்க மாட்டார்கள்.

உடை மாற்றும் நேரத்தை மனக்கணக்காகப் போடாதீர்கள். மடிசாரை 40 நொடியில் கட்ட முடியாது. கொசுவத்தைத் தைத்து இடுப்பில் கொக்கி வைத்தால் முடியும். ஆனால் தைத்த மடிப்பு விறைத்து நின்று காட்டிக்கொடுக்கும். பாதிவரை மட்டும் தைத்து, மீதியை விட்டுவிடுங்கள். வெல்க்ரோ பிரிக்கும்போது 'பர்ர்' என்று கத்தும். பக்கத்திலேயே அமைதியான காட்சி ஓடுகிறதென்றால் பிரஸ் பட்டனே நல்லது. சட்டையில் பொத்தான்களை மேலே அழகுக்குத் தைத்து, உள்ளே பிரஸ் பட்டன் வையுங்கள்.

கடைசி நாள் வரை உடையைப் பூட்டிவைப்பதுதான் எல்லாவற்றையும்விட விலையுயர்ந்த தவறு. செருப்பும் வேட்டியும் நடையையே மாற்றுபவை. அசல் தயாராகும்வரை மாதிரிக்கு ஒன்றையாவது ஒத்திகையின் முதல் வாரத்திலேயே கொடுத்துவிடுங்கள். பருத்தியை ஒருமுறை நனைத்து உலர்த்திய பிறகே வெட்டக் கொடுங்கள், இல்லையென்றால் முதல் துவைப்பில் சுருங்கும். தையலுக்குள் ஓர் அங்குலம் கூடுதல் துணி இருக்கட்டும். பிறகு நடிகரைச் சம்மணமிட்டு உட்காரச் சொல்லுங்கள், கும்பிடச் சொல்லுங்கள், இரு கையையும் தலைக்குமேல் தூக்கச் சொல்லுங்கள். ரவிக்கை முதலில் கிழிவது அக்குளில். அங்கே பக்கத்துக்கு 3 அங்குலமுள்ள சாய்சதுரத் துண்டு ஒன்றை வைத்துத் தைத்தால் கை தாராளமாக மேலே போகும்.