குளிர் மண்ணில் பட்டாணி: ரைசோபியம் விதை நேர்த்தி

ரொறன்ரோவில் ஏப்ரலில் மண்ணின் உறைவு விட்டதுமே பட்டாணி விதைக்கலாம். 5 பாகை செல்சியஸிலேயே அது முளைத்துவிடும். ஆனால், காற்றிலுள்ள நைதரசனைப் பயிருக்கு ஏற்றவாறு மாற்றித் தரும் ரைசோபியம் பாக்டீரியா, அந்தக் குளிரில் வேருக்குள் புகுந்து முடிச்சு அமைக்க வெகுவாகத் தாமதிக்கும். எனவே, விதை விழும் ஆழத்தில் காலைவேளை வெப்பம் 10 பாகையைத் தொட்ட பின்னரே நான் விதைக்கிறேன். அளப்பதற்குச் சமையலறை வெப்பமானியே போதும்.

விதைமேல் பூசுவதற்கு இந்தப் பாக்டீரியாவை வாங்கும்போது உறையில் பட்டாணிக்கு உரியது என்று எழுதியிருக்க வேண்டும்; போஞ்சிக்கும் சோயாவுக்கும் கொண்டைக்கடலைக்கும் வேண்டியவை வேறு. திரவத்தைவிடக் கரிய தூளையே நான் விரும்புகிறேன், விதையில் ஒட்டியிருப்பது கண்ணுக்குத் தெரியும் என்பதால். காலாவதித் திகதியைப் பார்த்து வாங்கிக் குளிர்சாதனப் பெட்டியில் வையுங்கள்.

காரியம் கெடுவது பெரும்பாலும் தண்ணீரில்தான். குழாய்நீரை ஓரிரவு திறந்து வைத்தால் குளோரின் போய்விடும் என்பார்கள். ஆனால் ரொறன்ரோ நகரக் குழாய்நீரில் இருப்பது குளோரமைன் (குளோரினும் அமோனியாவும் சேர்ந்த கிருமிநாசினி), அது அவ்வளவு எளிதில் ஆவியாகாது, நாம் காசு கொடுத்து வாங்கிய பாக்டீரியாவை விதையின் மேலேயே கொன்றுவிடும். மழைநீரோ, வாளியில் உருக்கிய சுத்தமான பனியோ பயன்படுத்துங்கள். தமிழ்நாட்டு உழவர்கள் செய்வதுபோல் ஒட்டுவதற்கு அரிசிக் கஞ்சி சேர்ப்பதானால், அதையும் அந்த நீரிலேயே காய்ச்சி, நன்றாக ஆறவிட வேண்டும்.

விதை ஈரமாகும் அளவுக்கு மட்டும் கஞ்சி தெளித்து, தூளைத் தூவிப் புரட்டி, அரை மணி நேரம் நிழலில் உலர்த்தி, அன்றே விதைத்து மூடிவிடுங்கள், வெயில் படக்கூடாது.

முளைத்த பின் சில வாரங்கள் இலை வெளிறியிருக்கும். அதைக் கண்டு யூரியா இடாதீர்கள். மண்ணில் நைதரசன் மிகுந்தால் செடி முடிச்சு வைப்பதைக் குறைத்துக்கொள்ளும். பூக்கும் தறுவாயில் ஒரு செடியைப் பிடுங்காமல் மண்ணோடு தோண்டி எடுத்து, நீரில் அலசி, ஒரு முடிச்சை நகத்தால் கீறிப் பாருங்கள். உள்ளே இளஞ்சிவப்பாக இருந்தால் வேலை நடக்கிறது. வெள்ளையாகவோ பச்சையாகவோ இருந்தால் நடக்கவில்லை.

பிற்சேர்க்கை: சாயம் பூசிய விதையில் இது பலிக்கவில்லை என்று வாசகர் ஒருவர் எழுதியிருந்தார். அச்சாயம் பெரும்பாலும் பூஞ்சைக்கொல்லி கலந்த விதைக்கான அடையாளம்; அது பாக்டீரியாவையும் பாதிக்கலாம். அத்தகைய விதையே கையிலிருந்தால், தூளைச் சாலின் அடியில் இட்டு, மெல்லிய மண் படையால் மூடி, அதன்மேல் விதையுங்கள்.