ஸ்பானிய தக்காளி டோஸ்ட்: எண்ணெயைக் குறைக்கப்போய்ச் சொதப்பும் இடங்கள்

ஸ்பெயினின் வடகிழக்கில் உள்ள கட்டலோனியாவில் இந்தத் தக்காளி டோஸ்டுக்குப் பெயர் 'பா அம்ப் துமாக்கெட்'. வாட்டிய ரொட்டி, தக்காளி, ஆலிவ் எண்ணெய், உப்பு; விருப்பப்பட்டால் பூண்டு. இருப்பதே இவ்வளவுதான், அதனால் ஒன்றில் பிசகினாலும் மறைக்க இடமில்லை. கலோரியைக் குறைக்க வேண்டுமானால் கைவைக்க வேண்டியது எண்ணெயில். ஒரு மேசைக்கரண்டி எண்ணெய் சுமார் 120 கலோரி. பாட்டிலைச் சாய்த்து ஊற்றினால் இரண்டு கரண்டி போனதே தெரியாது.

அதற்காக எண்ணெயே வேண்டாம் என்று விட்டுவிடக் கூடாது. தக்காளியின் புளிப்பு மட்டும் துருத்திக்கொண்டு நிற்கும். துண்டுக்கு ஒரு தேக்கரண்டி, அதாவது 5 மி.லி., ஏறக்குறைய 40 கலோரி, போதும். எப்போது விடுகிறோம் என்பதில்தான் சூட்சுமம். வாட்டிய ரொட்டியில் நேராக விட்டால் துளைகளுக்குள் இறங்கிவிடும். மணம் போதவில்லை என்று இன்னொரு கரண்டிக்குக் கை போகும். தக்காளி பூசிய பிறகு கடைசியாக விட்டால் ஈரத்தின் மேலேயே தங்கும், கடித்ததும் முதலில் மணப்பது அதுதான். இன்னொன்று: புட்டியில் 'லைட்' என்று போட்ட ஆலிவ் எண்ணெயில் குறைவது நிறமும் சுவையும்தான், கலோரி அல்ல. சுத்திகரிக்காத முதல்தர எண்ணெயான எக்ஸ்ட்ரா வெர்ஜினையே வாங்குங்கள்.

அடுத்தது மிக்ஸி. அரைத்தால் காற்று புகுந்து வெளிர்சிவப்பு நுரைதான் மிஞ்சும். கட்டலோனியர்கள் தக்காளியைக் குறுக்கே வெட்டி ரொட்டியில் நேராகத் தேய்ப்பார்கள். அதற்கென்றே கொத்தாகக் கட்டித் தொங்கவிட்டுக் குளிர்காலம்வரை வைத்திருக்கும் ரகம் அங்கே உண்டு. தெற்கு ஸ்பெயினின் ஆண்டலூசியாவில் துருவிப் போடுவது வழக்கம். வீட்டில் துருவுவதே சுலபம்: பாதித் தக்காளியின் வெட்டிய பக்கத்தைத் துருவியின் பெரிய கண்ணில் வைத்து உள்ளங்கையால் தட்டையாக அழுத்தித் தேயுங்கள். தோல் கையோடு நின்றுவிடும். இரண்டு துண்டுக்கு 150 கிராம் தக்காளி. தண்ணீராக இருந்தால் வடிகட்டியில் ஐந்து நிமிடம் வையுங்கள். விதையைச் சுற்றிய வழவழப்பை எறிய வேண்டாம், ருசி அதில்தான் அதிகம். ஃபிரிட்ஜில் இருந்த தக்காளிக்கு மணம் மங்கிவிடும். ஃபிரிட்ஜுக்கு வெளியே பழுத்ததாகப் பாருங்கள்.

மெத்தென்ற சாண்ட்விச் பிரெட் இதைத் தாங்காது, இரண்டே நிமிடத்தில் கூழாகும். மொறுமொறு மேலோடும் உள்ளே பெரிய துளைகளும் உள்ள முந்தைய நாள் ரொட்டி வேண்டும். ஒன்றரை செ.மீ. தடிமனில், 40 கிராம் துண்டாக வெட்டி, எண்ணெய் தடவாத கல்லில் மிதமான தீயில் பக்கத்துக்கு மூன்று நான்கு நிமிடம். விரலால் தடவினால் சொரசொரக்க வேண்டும். அந்தச் சொரசொரப்புதான் பூண்டைத் தேய்க்கும்போது துருவிபோல் வேலை செய்யும். சூட்டோடு இரண்டு இழுப்பு போதும்; அதற்கு மேல் போனால் பூண்டு டோஸ்ட் ஆகிவிடும்.

உப்பைத் துருவிய தக்காளியில் முன்கூட்டியே கலந்து வைத்தால் நீர் விட்டுவிடும். பூசிய பிறகு தூவுங்கள்; அதே உப்பு நாக்கில் நேராகப் படுவதால் குறைவாகவே செலவாகும்.

மேலே மான்செகோ என்ற ஸ்பானிய ஆட்டுப்பால் சீஸ் 30 கிராம் வைத்தால் ஏறக்குறைய 120 கலோரி கூடும். எண்ணெயில் மிச்சம் பிடித்தது அதிலேயே போய்விடும். ஏதாவது வைத்தே ஆக வேண்டுமென்றால் உப்பில் பதப்படுத்திய ஆன்சோவி என்ற சிறு மீன் இரண்டு கீற்று. அப்போது உப்பு தேவையே இல்லை.