வெந்நீருக்கு கரண்ட்ட எப்படி கம்மி பண்றது: ஒரு டெல்டா வீட்டுக் கணக்கு

2023 ஜனவரில எங்க வீட்டுக்கு வந்த ரீடிங் 512 யூனிட். வெள்ள அட்டைல எழுதுனத பாத்துட்டு, சரி 500க்கு மேல ஒரு 12 தானே, என்ன பெருசா ஏறிடப் போகுதுன்னு அலட்சியமா இருந்துட்டேன், கட்டப் போனா 2046 ரூபா. 500லயே நின்னிருந்தா 1725 தான். 12 யூனிட்டுக்கு 321 ரூபா! தப்பா போட்டுட்டாங்கன்னு சண்டைக்கு கெளம்பிட்டேன், வீட்டுக்காரர் தான் கால்குலேட்டர வச்சு உக்காந்து காட்டுனாரு.

விஷயம் என்னன்னா நம்ம ஊரு பில்லுல ரெண்டு டேபிள் இருக்கு. 2022 செப்டம்பர்ல வந்த ரேட்டுப்படி ரெண்டு மாசத்துக்கு 500க்குள்ள இருந்தா முதல் 100 ஃப்ரீ, அடுத்த 100க்கு 2.25, அப்புறம் 400 வரை 4.50, 500 வரை 6 ரூபா. 500 தாண்டிட்டா அந்த 2.25ங்கிற சலுகையே காணாம போயிடும், 101லேர்ந்து 400 வரை எல்லாமே 4.50, 500க்கு மேல 600 வரை ஒவ்வொண்ணும் 8 ரூபா. 2024 ஜூலைல ரேட்டு இன்னும் கொஞ்சம் ஏறுச்சு, ஆனா 500ல இருக்குற அந்த பள்ளம் அப்படியே தான் இருந்துச்சு. அதனால 490 கிட்ட ஓட்டிக்கிட்டு இருக்குற வீட்டுக்கு ஒரு பதினஞ்சு யூனிட் கூடுனாலும் அடி பலமா விழும்.

சித்திரைல 500 தாண்டுனா ஏசி மேல பழிய போடலாம். மார்கழில ஃபேனே ஓடல, அப்ப எங்கேர்ந்து வந்துச்சு? கீசர் தான், வேற யாரு.

முதல்ல ஒரு சின்ன கணக்கு சொல்றேன், இது தெரிஞ்சா யாரும் உங்கள ஏமாத்த முடியாது. எத்தன லிட்டர் தண்ணி, எத்தன டிகிரி ஏத்தணும், ரெண்டையும் பெருக்கி 860ஆல வகுத்தா யூனிட் வந்துடும். 20 லிட்டர் பக்கெட்டு ஒண்ணு, டேங்க் தண்ணி 26 டிகிரில இருக்கு, குளிக்க 40 டிகிரி போதும். 20 தடவ 14, 280. வகுத்தா 0.33 யூனிட், அதாவது மூணுல ஒரு பங்கு. நாலு பேரு, ரெண்டு மாசம், கிட்டத்தட்ட 78 யூனிட். ஷவர்ல நின்னுக்கிட்டு பாட்டு கேட்டுக்கிட்டே குளிக்கிற ஆளு 40 லிட்டர் ஈஸியா விட்டுடுவாங்க, அவங்களுக்கு இதுல டபுள். எங்க வீட்டுல அப்படி ஒரு ஆளு இருக்கு, பேரு வேண்டாம், பத்தாவது படிக்குது.

இந்த கணக்க பாத்தீங்கன்னா கீசர் எந்த கம்பெனி, எத்தன ஸ்டாருங்கறதெல்லாம் அதுல எங்கயுமே வரல. லிட்டரும் டிகிரியும் தான். லிட்டர ஓரளவுக்கு மேல குறைக்க முடியாது, மனுஷன் குளிக்கணும்ல. டிகிரில தான் விளையாடலாம். தண்ணிய எவ்ளோ சூடாக்குறோம்ங்கறத விட, எவ்ளோ குளிர்ந்த தண்ணியிலேர்ந்து ஆரம்பிக்கிறோம்ங்கறது தான் மேட்டரே. எனக்கு இது புரியவே அத்தை தேவைப்பட்டாங்க.

நாங்க இருக்குறது மன்னார்குடிலேர்ந்து திருத்துறைப்பூண்டி போற ரோட்டுல. வீட்டுல போர் இருக்கு, ராத்திரி டேங்க் ரொப்பிட்டு படுத்துடுவோம், காலைல அந்த தண்ணி தான் கீசருக்கு போகும். அத்தை மட்டும் கீசர தொடவே மாட்டாங்க, காலைல அஞ்சரைக்கு கொல்லைல அடி பம்புல ரெண்டு கொடம் அடிச்சு ஊத்திக்கிட்டு வந்து கோலம் போட உக்காந்துடுவாங்க. மார்கழி பனில பச்சத்தண்ணியில குளிக்கிறாங்களேன்னு ஒருநாள் கேட்டேன், "ஏம்மா, இது பச்சத்தண்ணியா? கைய வச்சு பாரு"ன்னாங்க. வச்சா வெதுவெதுன்னு இருக்கு! பம்புசெட்டுல மார்கழி காலைல தண்ணி ஆவி பறக்க விழுறத சின்ன வயசுலேர்ந்து பாத்துருக்கேன், ஆனா அதயும் கரண்ட் பில்லயும் சேத்து யோசிச்சதே இல்ல.

அப்புறம் ஒரு தெர்மாமீட்டர் வாங்கி அளந்தே பாத்தேன். ராத்திரி பூரா பனில கெடந்த மொட்டமாடி டேங்க் தண்ணி 23 டிகிரி, அதே நேரத்துல போர்லேர்ந்து வந்தது 28. பூமிக்குள்ள கொஞ்சம் ஆழத்துல வருஷம் பூரா சூடு பெருசா மாறாது, வெளில குளிருது காயுதுன்னு அதுக்கு தெரியாது, அதனால தான் அதே தண்ணி சித்திரைல ஜில்லுன்னு இருக்கு, மார்கழில வெதுவெதுன்னு இருக்கு. இப்ப கணக்கு போடுங்க. 23லேர்ந்து 40க்கு ஏத்த 17 டிகிரி வேணும், 28லேர்ந்துன்னா 12 போதும். மூணுல ஒரு பங்குக்கு கொஞ்சம் கம்மி, சும்மா கிடைக்குது. ஒரு ஹெச்பி மோட்டார் ரெண்டு நிமிஷம் ஓடுனா ஆகுற கரண்ட் ஒரு யூனிட்டுல நாப்பதுல ஒரு பங்கு, அதெல்லாம் கணக்குலயே வராது.

அதனால செய்ய வேண்டியது என்னன்னா, பனிக்காலத்துல ராத்திரி டேங்க் ரொப்புறத நிறுத்திட்டு காலைல எல்லாரும் குளிக்கிற நேரத்துக்கு முன்னாடி மோட்டார போடுங்க, மோட்டார் பைப்புல ஒரு டேப் இருந்தா நேரா பக்கெட்டுல புடிங்க. எங்க வீட்டுல ப்ளம்பர கூப்பிட்டு பாத்ரூம் பக்கத்துலயே ஒரு டேப் போட சொன்னோம், பெரிய செலவெல்லாம் இல்ல. குழந்தைங்க, வயசானவங்க தவிர மத்தவங்களுக்கு அந்த தண்ணியே போதும், நான் இப்பல்லாம் பாதி நாள் கீசரே போடறதில்ல. கொள்ளிடம் தண்ணி பைப்புல வர்ற வீடு, அபார்ட்மென்ட் காரங்களுக்கு இது ஒத்து வராது, அவங்க அடுத்தத பாருங்க.

வெயில். ரொம்ப சிம்பிள், ஆனா யாரும் செய்யறதில்ல. பத்து மணிக்கு ஒரு அண்டாவுல தண்ணி புடிச்சு வெயில் விழுற எடத்துல முற்றத்துலயோ மாடியிலயோ வச்சு தட்டு போட்டு மூடிடுங்க, சாயங்காலம் நாலு மணிக்குள்ள குழந்தைய குளிப்பாட்டற பதத்துக்கு வந்துடும். பச்சப்புள்ளைக்கு அந்த காலத்துல இப்படித்தான் தண்ணி வைப்பாங்க. ஸ்கூல்லேர்ந்து வர்ற பிள்ளைங்கள சாயங்காலம் குளிக்க பழக்கிட்டா காலைல பாதி சண்டையும் மிச்சம். அடமழ அடிக்கிற ஐப்பசி கார்த்திகைல இது வேலைக்கு ஆகாது, அது எனக்கும் தெரியும்.

இப்ப கீசருக்கு வருவோம். அத வித்த கடைக்காரர் சொன்னது, "எப்பவும் ஆன்லயே வச்சிருங்கக்கா, திரும்ப திரும்ப சூடாக்குனா தான் கரண்ட் இழுக்கும்". நாங்களும் நம்பி ஒரு வருஷம் அப்படியே விட்டுருந்தோம். சுத்தப் பொய். சூடான தண்ணி சும்மா இருந்தாலே சூடு வெளில போயிக்கிட்டே தான் இருக்கும், அது எறங்க எறங்க கீசர் திரும்ப திரும்ப இழுக்கும். நம்பலன்னா ராத்திரி படுக்கும்போது ஃப்ரிட்ஜ், ஃபேன் எல்லாத்தையும் ஆஃப் பண்ணிட்டு, கீசர மட்டும் தண்ணி நல்லா சூடானப்புறம் ஆன்ல விட்டு மீட்டர்ல இருக்குற செவப்பு லைட்ட பாருங்க, அப்பப்ப வேகமா சிமிட்டும், யாருமே குளிக்காதப்ப.

15 லிட்டர் கீசர் 26லேர்ந்து 60 டிகிரிக்கு வர 0.6 யூனிட் ஆகும், 2000 வாட்டுன்னா 18 நிமிஷம். 25 லிட்டர்னா ஒரு முழு யூனிட். அந்த 60 டிகிரி தண்ணிய பச்சத்தண்ணி கலந்தா 15 லிட்டர் 35 லிட்டர் ஆயிடும், அதாவது ஒரு தடவ போட்டா ரெண்டு பேரு பக்கெட்டுல குளிக்கலாம். இதுக்கு மேல ஒரு தந்திரம் இருக்கு. டேப்ப தொறந்ததும் சுடுதண்ணிய வெளில தள்றதே கீழேர்ந்து உள்ள வர்ற பச்சத்தண்ணி தான், அது உள்ள வந்ததும் கீசர் திரும்ப ஆன் ஆயிடும். கடைசி ஆளு குளிச்சு முடிக்கிறப்ப உள்ள இன்னொரு 15 லிட்டர் சூடாகிக்கிட்டு இருக்கும், யாருக்கு? யாருக்கும் இல்ல, சும்மா கெடந்து கொஞ்சம் கொஞ்சமா ஆறும். அதனால கடைசி ஆளு டேப்ப தொறக்குறதுக்கு முன்னாடியே சுவிட்ச ஆஃப் பண்ணிடணும், உள்ள இருக்குறதே அவங்களுக்கு போதும். எல்லாரும் அடுத்தடுத்து குளிச்சிடணும், ஆறு மணிக்கு ஒருத்தர், எட்டு மணிக்கு ஒருத்தர், பத்து மணிக்கு மாமான்னு போனா எந்த கீசரும் தாங்காது. இந்த ஒண்ணுக்கு மட்டும் வீட்டுல ரெண்டு வாரம் சண்ட நடந்துச்சு.

தெர்மோஸ்டாட்ட 50ல வச்சா கரண்ட் குறையும்னு சொல்வாங்க, பாதி தான் உண்மை. சூடாக்குன தண்ணி பூரா செலவாயிட்டா 50ன்னாலும் 60ன்னாலும் கணக்கு ஏறக்குறைய ஒண்ணு தான், கலக்குற பச்சத்தண்ணி தான் கூடக் குறைய ஆகும். மிச்சம் நிக்கிற தண்ணில தான் வித்தியாசம். ஒருத்தர் ரெண்டு பேரு இருக்குற வீடுன்னா 50ல வைங்க, வாரத்துக்கு ஒரு தடவ 60க்கு ஏத்தி விட்டுடுங்க, வெதுவெதுன்னு தேங்குற தண்ணில கிருமி வளரும். அப்புறம் கீசர் கீழ, பாத்ரூம் மாடில இருந்தா முக்கால் இஞ்ச் பைப்பு பத்து மீட்டருக்கு ரெண்டரை லிட்டர் சுடுதண்ணி பைப்புக்குள்ளயே நின்னு ஆறிடும், புதுசா வீடு கட்டுறவங்க இத யோசிங்க.

உப்புத்தண்ணி பிரச்சன வேதாரண்யம், நாகப்பட்டினம் பக்கம் இருக்குறவங்களுக்கு நல்லாவே தெரியும். கீசருக்குள்ள சூடாக்குற காயில் மேல வெள்ளையா ஓடு மாதிரி படியும். இதனால கரண்ட் எக்கச்சக்கமா இழுக்கும்னு சர்வீஸ் ஆளுங்க பயமுறுத்துவாங்க, அவ்ளோ இல்ல, கரண்ட்டு எப்படியும் சூடாத்தான் தண்ணிக்கு போகுது. ஆனா ஓடு மேல ஓடு ஏறுனா காயில் உள்ளயே வெந்து எரிஞ்சு போயிடும், அந்த செலவு பில்ல விட பெருசு. வருஷம் ஒரு தடவ, புரட்டாசி கடைசில, கழட்டி சுத்தம் பண்ணிட்டு அப்படியே உள்ள இருக்குற மெக்னீசியம் கம்பியயும் பாக்க சொல்லுங்க, கரைஞ்சிருந்தா மாத்திடணும், டேங்க் துருப்பிடிக்காம காப்பாத்துறது அது தான். வால்வுலேர்ந்து சொட்டு சொட்டா சுடுதண்ணி விழுதான்னும் பாத்துக்குங்க, அது காசு சொட்டுற மாதிரி.

வாட்டர் ஹீட்டர் ராடு, உண்மையச் சொன்னா, கீசர விட சிக்கனம். வேணுங்கற தண்ணிய மட்டும் சூடாக்கும், மிச்சம்னு ஒண்ணு இல்ல. 1500 வாட் ராடு ஒரு பக்கெட்ட 13 நிமிஷத்துல 40க்கு கொண்டு வந்துடும், ஃபோன்ல அலாரம் வச்சிட்டா தீந்துச்சு. ஆனா எங்க வீட்டுல அத தூக்கிப் போட்டுட்டோம், மறந்து போயி பக்கெட்டு உருகி நாறுனதுக்கு அப்புறம். வச்சிருக்கறவங்க கேளுங்க: இரும்பு, அலுமினியம் பாத்திரத்துல வைக்காதீங்க, மூணு பின் ப்ளக்கும் எர்த்தும் கண்டிப்பா வேணும், தண்ணில முங்குனப்புறம் தான் சுவிட்ச், எடுக்கும்போது சுவிட்ச் ஆஃப் பண்ணி ப்ளக்க புடுங்குனப்புறம் தான் தண்ணில கை. சூடாயிடுச்சான்னு ஓடுறப்ப விரல விட்டுப் பாத்து உயிர விட்டவங்க உண்டு. கரண்ட் கசிஞ்சா தானா ஆஃப் ஆகுற 30 மில்லி ஆம்ப் ட்ரிப்பர் போர்டுல இல்லன்னா ராட தொடவே வேண்டாம்.

கேஸ்ல வச்சா லாபமான்னு கேக்குறாங்க. 14.2 கிலோ சிலிண்டர்லேர்ந்து அடுப்பு வழியா தண்ணிக்கு போயி சேர்ற சூடு ஏறக்குறைய 110 யூனிட் கரண்ட்டுக்கு சமம், மிச்சமெல்லாம் பாத்திரத்த சுத்தி காத்துல போயிடும். சிலிண்டர் விலைய 110ஆல வகுத்து உங்க பில்லு ரேட்டோட வச்சு பாத்துக்குங்க, 500க்குள்ள இருக்குற வீட்டுக்கு கரண்ட்டே தேவலாம்.

கொல்லை இருந்தா வெறகு அடுப்ப மிஞ்ச ஆளில்ல. தென்ன மட்ட, பாள, பன்னாட எல்லாம் சும்மா தான் கெடக்கு. 2018 நவம்பர்ல கஜா புயல் அடிச்சு வாரக்கணக்குல கரண்ட் இல்லாம கெடந்தப்ப ஊர்ல அத்தன பேரும் விழுந்த தென்னைய வச்சு தான் வெந்நீர் போட்டோம். பரண்ல கெடந்த அத்தையோட செம்பு பாய்லர் அப்பத்தான் கீழ எறங்குச்சு, நடுவுல கொழாயில நெருப்பு, சுத்தி தண்ணி, மேல ஒரு சொம்பு பச்சத்தண்ணி ஊத்துனா கீழ ஒரு சொம்பு வெந்நீர். பொங்கலுக்கு வீடு நெறய ஆளு வந்தா இன்னைக்கும் அது தான்.

சோலார் ஹீட்டர் பத்தி என் கருத்து பல பேருக்கு பிடிக்காது. லாட்ஜ், கல்யாண மண்டபம், வருஷம் பூரா வெந்நீர் கேக்குற வயசானவங்க இருக்குற வீடு, இதுக்கெல்லாம் தாராளமா போடலாம். நம்ம டெல்டால ஒரு சாதாரண வீட்டுக்கு வெந்நீர் வேணுங்கறது ஒரு நாலு மாசம், அதுல பாதி மழ மூட்டம். நாலு பேருக்கு நாலு மாசத்துக்கு 156 யூனிட், எட்டு ரூபா ரேட்டுக்கே போட்டாலும் வருஷத்துக்கு 1250 ரூபா கிட்ட தான் மிச்சம், போட்ட காசு எப்ப திரும்பும்னு நீங்களே பாத்துக்குங்க.

நாளைக்கு காலைலயே போர் தண்ணிய சோதிச்சு பாக்கப் போறவங்களுக்கு ஒண்ணு. மோட்டார் போட்டதும் பைப்புல ராத்திரி கெடந்த பச்சத்தண்ணி தான் முதல்ல வரும், அத தொட்டுட்டு நான் சொன்னது பொய்யின்னு முடிவு பண்ணிடாதீங்க. அத வாழைக்கு திருப்பி விட்டுட்டு, பைப்ப கைல புடிச்சு பாருங்க, பைப்பு வெதுவெதுன்னு ஆனதும் பக்கெட்ட வைங்க.