வராத நோயாளியும் நம் நோயாளியே: எலும்பியல் ஆய்வில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சென்ற கார்த்திகை மாதம் தஞ்சாவூரில் நடந்த எங்கள் எலும்பியல் மருத்துவர் சங்கக் கிளைக் கூட்டத்தில், முதுநிலை மாணவர் ஒருவர் தமது ஆய்வு முடிவுகளைத் திரையில் காட்டி விளக்கினார். எக்ஸ்ரே படங்கள் தெளிவாக இருந்தன. பேச்சிலும் தடுமாற்றம் இல்லை. ஆனால் அட்டவணையின் அடியில், பின்வரிசையில் இருந்தவர்களால் படிக்க முடியாத அளவு சிறிய எழுத்தில், "மறுபரிசோதனைக்கு வராதவர்கள் நீக்கப்பட்டனர்" என்று ஒரு வரி இருந்தது. இருபது ஆண்டுகளுக்கு முன் நானும் ஏறக்குறைய இதே சொற்களை என் அட்டவணையின் அடியில் எழுதியிருக்கிறேன். சங்கத்தின் ஆய்வுக் குழுவில் இளைய மருத்துவர்களுக்கு வழிகாட்டத் தொடங்கிய பிறகு, இந்த வரியைக் காணாமல் ஓர் ஆண்டுகூடக் கழிந்ததில்லை.

மேற்கோள்களின் வரிசை மாறுவது, சதவீதக் கூட்டல் பிசகுவது போன்றவற்றைப் பற்றி நான் இங்கே எழுதப்போவதில்லை. அவற்றை எந்த வழிகாட்டியும் சிவப்பு மையில் திருத்திக் கொடுத்துவிடுவார். ஆய்வு தொடங்கும்போதே நுழைந்து, தரவு முழுவதும் சேர்ந்த பிறகு திருத்த வழியில்லாமல் நிற்கும் தவறுகளைப் பற்றியே சொல்ல விரும்புகிறேன்.

பிறருடைய கேள்வியைக் கடன் வாங்குதல்

ஏதோ ஓர் ஐரோப்பிய மருத்துவமனையில் முறிந்த எலும்பில் பொருத்தும் இரண்டு வகைத் தகடுகளை ஒப்பிட்டு எழுதிய கட்டுரையைப் படித்துவிட்டு, அதையே இங்கும் செய்து பார்க்கலாம் என்று வருபவர்கள் பலர். அந்த இரண்டு தகடுகளில் ஒன்று நம் காப்பீட்டுத் திட்டத்தின் கீழ் கிடைக்குமா என்பதைக்கூட அவர்கள் பார்த்திருப்பதில்லை. நம் அவசரப் பிரிவில் நம்மைத் தடுமாற வைக்கும் கேள்வியே நமக்கு உரிய கேள்வி. தோலும் கிழிந்த திறந்த எலும்பு முறிவுகளைக் கடுமைப்படி பிரிக்கும் கஸ்டிலோ வகைப்பாட்டில் மூன்று-பி என்ற ஒரே பிரிவுக்குள் காப்பாற்றக்கூடிய காலும் காப்பாற்ற முடியாத காலும் சேர்ந்து அடங்கிவிடுகின்றன. கோயம்புத்தூர் கங்கா மருத்துவமனையில் டாக்டர் ராஜசேகரன் குழுவினர் இந்தக் குறையைத் தங்கள் நோயாளிகளிடமே கண்டு, தோல், எலும்பு, தசை ஆகிய மூன்றையும் தனித்தனியே மதிப்பிடும் முறையை உருவாக்கி 2006-இல் வெளியிட்டார்கள். இன்று அந்த மதிப்பெண் முறை பல நாடுகளில் அறியப்பட்டிருக்கிறது.

வராதவர்களைக் கணக்கிலிருந்து எடுத்துவிடுதல்

எத்தனை ஆண்டுகள் ஆனாலும் என்னால் பொறுத்துக்கொள்ள முடியாத தவறு இதுதான். இதற்கான விலையை நான் கொடுத்ததைவிட என் நோயாளிகள் அதிகம் கொடுத்தார்கள்.

கணுக்காலுக்குச் சற்று மேலே முறிந்த கீழ்க்கால் எலும்புக்கு உள்ளே ஆணி செலுத்தும்போது, அதன் கீழ்முனையில் இரண்டு திருகுகள் போடுவது வழக்கம். ஒரு திருகே போதும், அறுவை சிகிச்சை அறையில் நேரமும் எக்ஸ்ரே கதிர்வீச்சும் குறையும் என்று அப்போது நான் நம்பினேன். அப்படிச் செய்த நோயாளிகளின் பட்டியலை எடுத்து, ஓராண்டு முடிவில் திரும்ப வந்தவர்களை மட்டும் கணக்கிட்டேன். வந்தவர்களில் பெரும்பாலோருக்கு எலும்பு சேர்ந்திருந்தது. மாநாட்டில் பேசினேன், கை தட்டினார்கள், பக்கத்து ஊர்களில் பணிபுரிந்த இரண்டு நண்பர்கள் என்னை நம்பி அவர்களும் ஒரு திருகோடு நிறுத்தத் தொடங்கினார்கள். கூட்டம் கலையும்போது மூத்த மருத்துவர் ஒருவர் மட்டும் என்னைத் தனியே அழைத்து, "மற்றவங்க எங்கே தம்பி?" என்று கேட்டார். "நல்லா இருக்காங்க சார், அதனாலதான் வரலை" என்று சொன்னேன். அவர் மேற்கொண்டு எதுவும் பேசவில்லை.

அந்தக் கேள்வி உறுத்திக்கொண்டே இருந்ததால், சில மாதங்கள் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை, வராதவர்களின் முகவரிகளை எழுதி எடுத்துக்கொண்டு திருத்துறைப்பூண்டிப் பக்கம் போனேன். வாய்க்கால் ஓரம் இருந்த ஒரு குடிசையில் அவர்களில் ஒருவரான ஓர் அம்மாளைக் கண்டேன். மூங்கில் கழியை ஊன்றிக்கொண்டு வாசலுக்கு வந்தார். பாதம் வெளிப்புறமாகத் திரும்பியிருந்தது. நான் கேட்பதற்கு முன்பே, கூரை விட்டத்தில் செருகி வைத்திருந்த ஜவுளிக்கடைப் பையை எடுத்துக் கொடுத்தார். ஈரத்தில் ஒன்றோடொன்று ஒட்டிப்போன எக்ஸ்ரே படங்களும், நான்காக மடித்த டிஸ்சார்ஜ் சீட்டும் அதில் இருந்தன. சீட்டில் மறுபரிசோதனைத் தேதியை என் கையெழுத்திலேயே எழுதியிருந்தேன். அது தை மாதத்தின் இரண்டாவது வாரம், சம்பா அறுவடை மும்முரமாக நடக்கும் காலம்.

"அறுப்பு நேரத்துல வீட்டுல ஒருத்தரும் கூட வர முடியலைங்கய்யா" என்றார். பிறகு சற்றுத் தயங்கி, "நீங்க அவ்வளவு பாத்துப் பாத்துப் பண்ணீங்க. கால் சரியா வரலைன்னு உங்க மொகத்துக்கு நேரா எப்படிங்கய்யா சொல்றது?" என்றார். அவரை அழைத்து வந்து எடுத்த எக்ஸ்ரேயில் அந்த ஒற்றைத் திருகு நடுவில் உடைந்திருந்தது, எலும்பு சேரவில்லை. மறுபடியும் அறுவை சிகிச்சை செய்தோம். அன்றே அந்த இரண்டு நண்பர்களையும் தொலைபேசியில் அழைத்துச் செய்தியைச் சொன்னேன்.

இதைக் கணக்காகப் பார்த்தால் தவறின் அளவு விளங்கும். 60 பேருக்கு அறுவை சிகிச்சை செய்ததாகவும், 42 பேர் மட்டும் திரும்ப வந்ததாகவும், அவர்களில் 39 பேருக்கு எலும்பு சேர்ந்திருந்ததாகவும் வைத்துக்கொள்வோம். வந்தவர்களை மட்டும் எண்ணினால் வெற்றி 93 சதவீதம். வராத 18 பேருக்கும் சேரவில்லை என்றால் அது 65 சதவீதம். அனைவருக்கும் சேர்ந்திருந்தால் 95 சதவீதம். ஆகவே அந்த ஆய்வு நேர்மையாகச் சொல்லக்கூடியது, விடை 65-க்கும் 95-க்கும் இடையில் எங்கோ இருக்கிறது என்பது மட்டுமே. இப்படி வராமல் போவோரின் இழப்பு 5 சதவீதத்துக்குள் இருந்தால் பெரிய பாதகமில்லை, 20 சதவீதத்தைத் தாண்டினால் முடிவை நம்புவதற்கில்லை என்பது ஆய்வு முறையியலில் பழகிவரும் ஒரு தோராயமான அளவுகோல். மேலே சொன்ன கணக்கில் இழப்பு 30 சதவீதம்.

இதற்கு மாணவர்கள் சொல்லும் பரிகாரம் ஒன்று உண்டு: எதிர்பார்க்கும் இழப்புக்கு ஈடாகப் பத்து சதவீதம் கூடுதல் நோயாளிகளை முன்கூட்டியே சேர்த்துவிட்டதாகச் சொல்வார்கள். அது எண்ணிக்கையை மட்டுமே நிரப்பும். வராமல் போனவர்கள் வந்தவர்களைப் போன்றவர்கள் அல்லர் என்னும் சிக்கல் அப்படியே இருக்கும். நன்றாகக் குணமானவர் வேலைக்குத் திரும்பிவிட்டதால் வருவதில்லை. குணமாகாதவரோ வேறு மருத்துவரிடமோ நாட்டுக் கட்டுப் போடுபவரிடமோ போயிருப்பார். இடுப்பு எலும்பு முறிந்த முதியவர்களைப் பற்றிய ஆய்வுகளில் இது இன்னும் கொடுமையானது. அவர்களில் ஐந்தில் ஒருவரோ அதற்கும் மேற்பட்டவர்களோ ஓராண்டுக்குள் இறந்துவிடுவதாகப் பல நாட்டு ஆய்வுகள் காட்டுகின்றன. இறந்தவரை "வராதவர்" என்று எழுதி நீக்கிவிட்டு, உயிரோடு வந்தவர்களின் நடையை அளந்து "மிக நன்று" என்று எழுதுவதை நானே தேர்வாளராக இருந்து படித்திருக்கிறேன்.

டெல்டாவில் இதைக் குறைப்பதற்கு வழிகள் இருக்கின்றன. மறுபரிசோதனைத் தேதியை ஆறு வாரம், மூன்று மாதம் என்று இயந்திரத்தனமாக எழுதாமல், நோயாளியின் தொழிலைக் கேட்டு முன்னும் பின்னும் சில நாள் தள்ளிக் குறிக்க வேண்டும். மேட்டூர் அணையை வழக்கப்படி ஜூன் 12-இல் திறந்துவிட்டால் குறுவை நடவுக்கு ஆள் தேடுவார்கள். அப்போது நடவுக்குப் போகும் பெண்கள் வர மாட்டார்கள். நாகப்பட்டினத்து மீனவர்களுக்கோ ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம். ஓராண்டுப் பரிசோதனையை அந்த நாள்களையொட்டி வைத்தால் பெரும்பாலோர் கரையில் இருப்பார்கள். தொலைபேசி எண் ஒன்று போதாது. நோயாளியின் எண், வெளியூரில் வேலை செய்யும் மகன் அல்லது மகளின் எண், தெருவில் உள்ள ஒருவரின் எண் என மூன்றையும் வாங்க வேண்டும். வராவிட்டால் அழைப்போம், தேவையானால் வீட்டுக்கு வருவோம் என்பதை ஒப்புதல் படிவத்தில் முதலிலேயே எழுதி, நெறிமுறைக் குழுவின் அனுமதியும் பெற்றிருக்க வேண்டும். நகரப் பேருந்தில் பெண்களுக்குக் கட்டணமில்லை என்பதால் செலவே இல்லை என்று நினைக்கக் கூடாது; வேதாரண்யத்திலிருந்து தஞ்சாவூருக்கு வரும் புறநகர்ப் பேருந்துக்குக் கட்டணம் உண்டு, துணைக்கு வருபவருக்கு அன்றைய கூலியும் போகும். பயணச் செலவைத் திருப்பித் தருவதை ஆய்வுத் திட்டத்திலேயே சேர்த்துவிடலாம்.

ஒரு தனி மருத்துவமனையால் முடியாததைச் சங்கத்தால் இங்கே செய்ய முடியும். மன்னார்குடியிலும் மயிலாடுதுறையிலும் கும்பகோணத்திலும் நம் உறுப்பினர்கள் இருக்கிறார்கள். நோயாளி தம் ஊருக்கு அருகில் உள்ள உறுப்பினரிடம் போய் எக்ஸ்ரே எடுத்து, அவர் ஒரே மாதிரியான படிவத்தை நிரப்பி அனுப்பினால் பாதி இழப்பைத் தவிர்த்துவிடலாம். அந்த உறுப்பினர்களின் பெயர்களையும் படிவத்தையும் நெறிமுறைக் குழுவுக்குத் தரும் திட்டத்தில் முன்பே இணைத்திருக்க வேண்டும் என்பது மட்டுமே நிபந்தனை. இவ்வளவுக்குப் பிறகும் வராதவர்கள் இருப்பார்கள். அவர்களை அட்டவணையின் அடியில் ஒளிக்காமல், எத்தனை பேர் ஆய்வில் சேர்ந்தார்கள், எத்தனை பேர் இறந்தார்கள், எத்தனை பேரைத் தேடியும் காணவில்லை என்று முதல் பக்கத்திலேயே எழுத வேண்டும்.

காலுறை அணியாதவரிடம் காலுறையைப் பற்றிக் கேட்டல்

அமெரிக்க அறுவை சிகிச்சை நிபுணர் வில்லியம் ஹாரிஸ் 1969-இல் வெளியிட்ட இடுப்பு மூட்டு மதிப்பீட்டில், காலுறையும் காலணியும் எளிதாக அணிய முடிந்தால் 4 மதிப்பெண் உண்டு; சாதாரண நாற்காலியில் ஒரு மணி நேரம் சிரமமின்றி உட்கார முடிந்தால் 5 மதிப்பெண். சம்மணமிட்டு உட்காருவதற்கும், குந்தி எழுவதற்கும், சேற்றில் குனிந்து நாற்று நடுவதற்கும் அதில் இடமில்லை. நம் நோயாளி நூற்றுக்குத் தொண்ணூறு வாங்கிவிட்டுத் தரையில் உட்கார முடியாமல் வீட்டில் முடங்கியிருப்பார்.

இதற்காக இளைய மருத்துவர்கள் செய்யும் திருத்தம் அடுத்த தவறாகிவிடுகிறது. காலுறைக் கேள்வியை எடுத்துவிட்டுச் சம்மணக் கேள்வியை அங்கே வைத்துவிட்டு, மதிப்பீட்டின் பெயரை மட்டும் பழையபடியே போடுகிறார்கள். அப்படிச் செய்தால் உலகில் எந்த ஆய்வோடும் அதை ஒப்பிட முடியாது. பழைய மதிப்பீட்டை மாற்றாமல் அப்படியே பயன்படுத்தி, நமக்கு வேண்டிய கேள்விகளைத் தனியே கேட்டு, அவற்றின் விடைகளையும் தனியே வெளியிட வேண்டும்.

தன் அறுவை சிகிச்சையைத் தானே மதிப்பிடுதல்

எலும்பு சேர்ந்துவிட்டதா என்பதை அறுவை சிகிச்சை செய்தவரே பார்த்துச் சொன்னால், மங்கலாகத் தெரியும் முறிவுக்கோடும் அவர் கண்ணுக்குச் சேர்ந்ததாகவே படும். இது மனித இயல்பு, நேர்மையின்மை அன்று. கீழ்க்கால் எலும்புக்கு 2010-இல் வெளிவந்த ரஸ்ட் மதிப்பீடு இருக்கிறது. இரண்டு எக்ஸ்ரேக்களில் தெரியும் எலும்பின் நான்கு விளிம்புகளுக்கும், எவ்வளவு சேர்ந்திருக்கிறது என்பதைப் பொறுத்து, தலா 1 முதல் 3 வரை கொடுத்தால் மொத்தம் 4-க்கும் 12-க்கும் இடையில் வரும். அதைச் சிகிச்சையில் பங்கு பெறாத இரண்டு பேர், ஒருவர் கொடுத்த எண்ணை மற்றவர் பார்க்காமல் போட வேண்டும்.

பதிவு செய்வதற்கு முன் தொடங்குதல்

இந்திய மருத்துவ ஆய்வுப் பதிவேடு 2018 ஏப்ரல் 1 முதல், முதல் நோயாளியைச் சேர்ப்பதற்கு முன்பு வரும் சிகிச்சை ஆய்வுகளை மட்டுமே ஏற்கிறது. முடித்துவிட்டு வந்து கேட்டால் சங்கத்தால் எதுவும் செய்ய முடியாது.

ஒப்புதல் படிவத்தில் வெறும் கைநாட்டு

படிக்கத் தெரியாதவரிடம் கைநாட்டு வாங்கும்போது, ஆய்வோடு தொடர்பில்லாத சாட்சி ஒருவர் உடனிருந்து கையொப்பமிட வேண்டும். வார்டு ஊழியர் சாட்சி ஆகமாட்டார்.

பெயர் வரிசை

பதவியில் இருப்பதற்காக எவர் பெயரையும் ஆய்வுக் கட்டுரையின் ஆசிரியர் வரிசையில் சேர்க்கக் கூடாது. என் பெயரையும் சேர்க்கக் கூடாது.

வாட்ஸ்அப்பில் எக்ஸ்ரே

நோயாளியின் பெயரை மறைக்காமல் ஒரு படத்தையும் அனுப்பாதீர்கள்.

கடைசி வாரத்தில் வழிகாட்டுதல்

இது வழிகாட்டிகளாகிய எங்கள் தவறு. ஆய்வேடு சமர்ப்பிக்கும் வாரத்தில் வரைவை வாங்கிப் பார்த்தால், மேலே சொன்ன எதையும் திருத்த முடியாது. அதனால் இப்போது மாணவரின் முதல் பத்து நோயாளிகளின் பதிவேட்டை அவர் எதிரில் வைத்துக்கொண்டே பார்க்கிறேன். மூன்று தொலைபேசி எண்கள் இருக்கின்றனவா, தொழில் எழுதப்பட்டிருக்கிறதா, அடுத்த தேதி எந்தப் பருவத்தில் விழுகிறது என்று மட்டும் கேட்பேன்.

கார்த்திகைக் கூட்டத்தில் பேசிய அந்த மாணவரிடம், நீக்கிய நோயாளிகளின் பெயர்களையும் ஊர்களையும் தனித்தாளில் எழுதிக் கொண்டுவரச் சொன்னேன். நெறிமுறைக் குழுவிடம் திருத்த அனுமதி பெற்று, ஊர்வாரியாகப் பிரித்து, அருகில் உள்ள உறுப்பினர்களுக்குக் கொடுத்தோம். பங்குனி பிறப்பதற்குள் பாதிப் பேரின் எக்ஸ்ரேக்கள் வந்துவிட்டன. அவற்றில் இரண்டில் எலும்பு சேரவில்லை. அந்த இருவரும் இப்போது சிகிச்சையில் இருக்கிறார்கள். அட்டவணையை அவர் மறுபடியும் முதலிலிருந்து எழுதிக்கொண்டிருக்கிறார்.