மாங்கூழ் ஆலை முதலாளியிடம் ஆலையைப் பொறுப்போடு நடத்துவது பற்றிப் பேசுவது எப்படி?

போச்சம்பள்ளிப் பக்கம் மாங்கூழ் ஆலையில் நான் மேற்பார்வையாளர். சீசனில் பேசாதீர்கள், பெங்களூரா ரக மாம்பழ லாரிகள் வரிசையில் நிற்கும்போது யாருக்கும் நேரமிருக்காது. ஆவணியில் போங்கள், கையில் ஒரு நோட்டோடு. என் நோட்டில் இருந்தவை: தோலும் கொட்டையும் எங்கே கொட்டுகிறோம், கழுவிய தண்ணீர் எந்த ஓடைக்குப் போகிறது, விவசாயிக்கு அன்றே எடைச்சீட்டு கிடைத்ததா, பழம் பிரிக்கும் பெண்களின் கூலி என்ன. கூலிப் பக்கத்தை முதலாளி இரண்டு முறை படித்தார்.

பிறகே 2019-இல் மத்திய அரசு வெளியிட்ட பொறுப்பான வணிக நடத்தை வழிகாட்டியைக் காட்டினேன். 9 கொள்கைகள், எங்கள் ஆலைக்குக் கட்டாயமில்லை. அவற்றில் ஒன்றையாவது இந்த வருடமே கடைப்பிடிக்கச் சொல்லுங்கள். ஒப்புக்கொண்டதை எழுதி எடைமேடையருகே ஒட்டச் செய்யுங்கள், விவசாயிகள் கண்ணில் படும்படி.