மழை விட்டதும் மாடி ஏறாதீர்கள்

சித்திரை பிறந்தால் எங்கள் கிருஷ்ணகிரிப் பக்கம் மதியம் மூன்று மணிக்கு மேல் மேகம் கட்ட ஆரம்பித்துவிடும். கூடவே மேகம் படம் பிடிக்கப் புதிதாகக் கிளம்பிய பிள்ளைகளும். ஒரு காலத்தில் நான் அடித்த கூத்தையெல்லாம் அப்படியே அடிக்கிறார்கள். மரத்தடியில் ஒதுங்காதே என்பது பாட்டி காலத்துப் பாடம், அதை விட்டுவிட்டு இடி மின்னல் நேரத்தில் அவர்கள் செய்யும் மற்றத் தப்புகளைச் சொல்கிறேன்.

கறுப்பை மட்டும் பார்ப்பது

வானம் முழுக்கச் சாம்பல் பூசினாற்போல மூடிக்கொண்டு விடாமல் தூறினால் அது கார்படை மேகம். நனைக்கும், பெரும்பாலும் இடிக்காது. கவனிக்க வேண்டியது, காலிஃபிளவர் மாதிரி வெள்ளையாகத் தலைதூக்கும் திரள் மேகத்தை. அதன் கூர்மையான ஓரம் கலைந்து, பஞ்சைப் பிய்த்தாற்போல நார்நாராக விரிந்தால் உச்சியில் பனித்துகள் உருவாகிவிட்டது. இனி அதற்குப் பெயர் கார்திரள் மேகம், அதாவது இடிமேகம். 15 கி.மீ. உயரம் வரைகூட வளரும். அடியில் நிற்பவருக்குக் கன்னங்கரேல், 30 கி.மீ. தள்ளி நிற்பவருக்கு வெள்ளை மலை.

நொடி எண்ணுவது

மின்னலுக்கும் இடிக்கும் நடுவே 3 நொடி என்றால் 1 கி.மீ. கணக்கு சரிதான். “18 நொடி, இன்னும் ஆறு கிலோமீட்டர் இருக்கு” என்று வெளியே நிற்கிறார்களே, அதுதான் தப்பு. அடுத்த மின்னல் 10 கி.மீ. தாண்டி வந்தும் விழும். இடி காதில் விழுந்தால் உள்ளே போங்கள்.

மழை விட்டதும் மாடி ஏறுவது

இதைப் பார்த்தால் இன்னும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

மழை ஓய்ந்ததும் மேற்கே வெயில் எட்டிப் பார்க்கும். தலைக்கு மேலே பசுமடி போலப் பொதிபொதியாக மேகம் தொங்கும், அடியெல்லாம் பொன்னிறம். கேமரா வைத்திருப்பவனுக்கு வேறென்ன வேண்டும்? ஒரு வைகாசி சாயங்காலம் நானும் ட்ரைபாடைத் தூக்கிக்கொண்டு ஓடினேன். ஒரு சொட்டு மழை இல்லை. நாலு படம் எடுத்திருப்பேன், பக்கத்து வீட்டுத் தென்னை வெடித்தது. வெளிச்சமும் சத்தமும் ஒன்றாகவே வந்தன. எப்போது உட்கார்ந்தேன் என்றே தெரியவில்லை, ஈரத் தளத்தில் உட்கார்ந்திருந்தேன். எதிரே தென்னங்குருத்து எரிந்துகொண்டிருந்தது. கேமரா போச்சு, கீழே இன்வெர்ட்டர் போச்சு, வலது காதில் ஒரு வாரம் வண்டு கத்தியது.

அந்த மடி மேகம் தனியாக வந்த மேகமல்ல. கார்திரளின் தலை, கொல்லன் பட்டடை போலத் தட்டையாக நெடுந்தூரம் நீளுமே, அதன் அடிவயிறு. அது தலைக்கு மேல் தொங்குகிறதென்றால் நாம் இன்னும் இடிமேகத்தின் கீழேதான் நிற்கிறோம். மழை மட்டும்தான் அடுத்த ஊருக்குப் போயிருக்கிறது. கடைசி இடி கேட்டபின் 30 நிமிடம் பொறுங்கள். நடுவில் லேசாக உறுமினாலும் மறுபடி முதலிலிருந்து எண்ண வேண்டும். இதைச் சொன்னபோது ஒரு தம்பி, “அதுக்குள்ள வெளிச்சம் போயிடுமேண்ணா” என்றான். போகட்டுமே!

ஜில்லென்ற காற்றை ரசிப்பது

புழுக்கத்துக்கு நடுவே மண்வாசனையோடு திடீரென வருகிற குளிர்காற்று, இடிமேகம் கீழே கொட்டியது. மாங்காயை உதிர்க்கும், தகரத்தைப் பெயர்க்கும். ஜன்னலுக்கு உள்ளே நின்று ரசியுங்கள்.

தகரக் கொட்டகை

மழைக்குத்தான் கூரை, மின்னலுக்கு அல்ல. கண்ணாடியை ஏற்றிவிட்ட கார் எவ்வளவோ மேல்.

செல்போனை அணைப்பது

தேவையில்லை, சார்ஜரைப் பிடுங்கினால் போதும். புனேயில் உள்ள இந்திய வெப்பமண்டல வானிலை ஆய்வு நிறுவனத்தின் ‘தாமினி’ செயலி, சுற்றி 20 கி.மீ.க்குள் விழும் மின்னலைக் காட்டும். அதைப் பார்க்க போன் வேண்டுமே.