தஞ்சாவூர் ஓவியம்: மக்கு வெடிப்பு நின்றது எப்படி

தஞ்சாவூர் ஓவியத்தில் கிரீடம், ஆரமெல்லாம் மேடாக எழுப்புகிற மக்கு, சாக்பீஸ் பவுடரும் பசையும் குழைத்ததுதான், எனக்குக் காய்ந்ததும் மயிரிழை மயிரிழையாக வெடித்துக்கொண்டே இருந்தது. மேலே தங்க ரேக்கு (மெல்லிய தங்கத் தகடு) ஒட்டினாலும் கோடு அப்படியே தெரியும். எழும்பூர் அருங்காட்சியகத்தில் பழைய படங்களைப் பக்கவாட்டில் சாய்ந்து பார்த்தபோதுதான் மேடு எவ்வளவு மெல்லிசாக ஏறி இறங்குகிறது என்று புரிந்தது. அப்புறம் பசையைக் குறைத்தேன் (அது கூடினால் காயும்போது சுருங்கி இழுக்கும்), தோசைமாவுப் பதத்தில் தூரிகையால் மெல்லிய பூச்சு, அது முழுக்கக் காய்ந்த பிறகே அடுத்தது, உயரம் வரும்வரை இப்படியே. வெடிப்பு நின்றுவிட்டது. நகைகளில் வைக்கிற அலங்காரக் கல்லை மட்டும் கடைசிப் பூச்சு ஈரமாக இருக்கும்போதே பதித்துவிட வேண்டும். நிழலில்தான் காயவைக்கிறேன், ஃபேனுக்கு அடியில் வைத்தால் மேல்தோல் முந்திக்கொண்டு இறுகிவிடும்.